சுமை தாங்கும் எண்ணெய்

நுழையும்முன்

மனிதன் தன் தோளில் ஏற்றிய சுமையைச் சகடத்திற்கும், சகடத்திலிருந்து பொறிக்கும் மாற்றியதே நாகரிகத்தின் வரலாறு எனலாம். இன்று கிடங்குகளில் ஓராயிரம் கிலோகிராம் எடையை ஒருவர் ஒரு கையால் உயர்த்துகிறார். அந்த வலிமை அவருடைய கையில் இல்லை; இரும்பு உருளைக்குள் அடைபட்ட சிறிதளவு எண்ணெயில் இருக்கிறது. அந்த எண்ணெயைப் பேணுதல் பொருளைக் காக்கும் செயல் மட்டுமன்று; உயிரைக் காக்கும் செயலுமாகும்.

மலையிலிருந்து கிடங்குக்கு

திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டத்தின் மேல்மலைப் பகுதியில் அமைந்த சிற்றூர் பூண்டி. மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை முதலிய ஊர்களைப் போலவே இங்கும் மலைச்சரிவுகள் படிப்படியாக வெட்டப்பட்டு, உருளைக்கிழங்கும் கேரட்டும் வெள்ளைப்பூண்டும் பயிரிடப்படுகின்றன. இம்மலைத்தொடரில் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மலையில் விளைந்த பூண்டு அடிவாரத்தில் உள்ள பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கும், காய்கறிகள் ஒட்டன்சத்திரம் போன்ற சந்தைகளுக்கும் இறங்குகின்றன.

ஒரு மூட்டைப் பூண்டு வயலிலிருந்து நுகர்வோரை அடையுமுன் எத்தனை முறை தூக்கப்படுகிறது என்று எண்ணிப் பார்ப்போம். வயலில் ஒருமுறை, பாதையோரத்தில் ஒருமுறை, சரக்குந்தில் ஒருமுறை, சந்தையில் இறக்க ஒருமுறை, கிடங்கில் அடுக்க ஒருமுறை, மீண்டும் ஏற்ற ஒருமுறை. இவற்றுள் பெரும்பாலானவை மனிதத் தோளிலும் முதுகிலுமே நிகழ்ந்து வந்துள்ளன. மலைப்பாதைகளில் பொதிசுமக்கும் குதிரைகள் அச்சுமையில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டன.

கிடங்கும் மூட்டையும் தமிழர்க்குப் புதியன அல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் பண்டங்கள் குவிந்து கிடந்ததையும், மூட்டைகளில் சோழரின் புலிச்சின்னம் பொறிக்கப்பட்டதையும் பட்டினப்பாலை காட்டுகிறது. விடுதலைக்குப் பின்னர் 1957இல் மத்தியக் கிடங்குக் கழகமும் 1958இல் தமிழ்நாடு கிடங்கு நிறுவனமும் தோன்றின. கிடங்குகள் பெருகின, சுமப்போரின் துன்பமும் உடன் பெருகியது. நூறு கிலோகிராம் மூட்டையை ஒருவர் முதுகில் ஏற்றிச் செல்வது ஒருகாலத்தில் இயல்பான காட்சியாக இருந்தது. ஒரு தொழிலாளி கையால் சுமக்கும் எடை 55 கிலோகிராமுக்கு மேற்பட்டிருக்கும் இடங்களில் அதனை அந்த அளவுக்குக் குறைக்க விரைந்து நடவடிக்கை எடுக்க வேண்டும் எனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. மூட்டையின் எடையைக் குறைப்பது ஒரு வழி. மூட்டையைத் தோளிலிருந்து இறக்கிப் பொறியின்மேல் ஏற்றுவது மற்றொரு வழி. இவ்விரண்டாம் வழியின் உயிர்நாடியே நீரியல் எக்கி.

பாஸ்கல் கண்ட உண்மை

எக்கி என்பது மக்கள் வழக்கில் பம்பு எனப்படும். நீர்மத்தை அழுத்தி உந்தும் கருவி அது. அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறைவின்றிப் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் விளக்கினார். நீர்மங்களின் சமநிலை பற்றிய அவரது நூல், அவர் மறைந்த மறு ஆண்டான 1663இல் வெளிவந்தது.

அவ்வுண்மையை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 50 கிலோகிராம் எடையுள்ள 20 மூட்டைகள் ஓர் அடுக்குப் பலகையின்மேல் உள்ளன; மொத்தம் 1000 கிலோகிராம். கைத்தூக்கு வண்டியின் கைப்பிடியை ஒருவர் 20 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையுடன் அழுத்துகிறார். கைப்பிடி ஒரு நெம்புகோல். அது விசையைப் பத்து மடங்காக்கி, 200 கிலோகிராம் விசையாகச் சிறிய உந்துதண்டிடம் தருகிறது. உந்துதண்டின் பரப்பு 2 சதுர சென்டிமீட்டர் எனில், எண்ணெயில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 100 கிலோகிராம் அழுத்தம் உண்டாகும். அதே அழுத்தம் 10 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள தூக்குதண்டின் அடியில் செயற்படும்போது 1000 கிலோகிராம் மேலெழுகிறது.

இதில் மாயம் ஏதுமில்லை. உந்துதண்டு ஒருமுறை 2.5 சென்டிமீட்டர் இறங்கினால் 5 கன சென்டிமீட்டர் எண்ணெய் இடம்பெயரும். தூக்குதண்டு அரை சென்டிமீட்டரே உயரும். சுமையைப் 10 சென்டிமீட்டர் உயர்த்தக் கைப்பிடியை 20 முறை இயக்க வேண்டும். விசையில் பெற்ற ஆதாயத்தைத் தொலைவில் திருப்பிச் செலுத்துகிறோம். கிணற்றடியில் நம் முன்னோர் இயக்கிய ஏற்றத்தின் நெம்புகோலும் இந்த நேர்மையான கணக்கிற்கு உட்பட்டதே.

ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். மகிழுந்தின் சக்கரத்திலுள்ள காற்றழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம். நம் கணக்கிலுள்ள எண்ணெயின் அழுத்தமோ அதைப்போல் ஐம்பது மடங்கு. அமைதியாக நிற்கும் வண்டிக்குள் அத்தகைய அழுத்தம் அடங்கியிருக்கிறது.

எக்கியின் உள்ளே

கைத்தூக்கு வண்டியின் எக்கியைப் பிரித்துப் பார்த்தால் அதன் உறுப்புகள் சிலவே. எண்ணெய் தங்கும் தொட்டி, கைப்பிடி இயக்கும் உந்துதண்டு, சுமையைத் தாங்கும் தூக்குதண்டு, இவற்றிடையே சில வால்வுகள். உந்துதண்டு மேலெழும்போது உள்வழி வால்வு திறந்து தொட்டியின் எண்ணெய் உள்ளே வருகிறது. உந்துதண்டு இறங்கும்போது அவ்வால்வு மூடிக்கொள்ள, வெளிவழி வால்வு திறந்து எண்ணெய் தூக்குதண்டின் அடிக்குச் செல்கிறது. சென்ற எண்ணெய் திரும்பிவர இயலாது. சுமையை இறக்க விரும்பும்போது நெம்பை அழுத்தினால் இறக்கு வால்வு திறந்து எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். அளவுக்கு மீறிய சுமை ஏறினால் அழுத்தத் தணிப்பு வால்வு திறந்து, எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும்.

மின்கலத்தால் இயங்கும் அடுக்கும் வண்டிகளிலும் ஃபோர்க்லிஃப்ட் எனப்படும் கவைத்தூக்கிகளிலும் கைக்குப் பதிலாக மோட்டார் உழைக்கிறது. அவற்றில் பெரும்பாலும் பற்சக்கர எக்கி அமைந்திருக்கும். ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் இரு பற்சக்கரங்கள், பற்களின் இடுக்குகளில் எண்ணெயைச் சிறைப்படுத்தி, உறையின் ஓரமாகக் கொண்டுசென்று மறுபுறத்தில் தள்ளுகின்றன. பற்களுக்கும் உறைக்கும் இடையிலுள்ள இடைவெளி மிக நுண்ணியது. அந்நுண்மையே அதன் வலிமை. அதுவே அதன் வலுவின்மையும் ஆகும்.

தெரிந்து தெளிவோம்

நீரியல் அழுத்திக்கு இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795இல் காப்புரிமை பெற்றார். கோட்பாடு சரியாக இருந்தும், தண்டின் ஓரமாக நீர் கசிந்ததால் தொடக்கத்தில் அது தடுமாறியது. கவிழ்த்த கிண்ணம்போல் வளைந்த தோல் வளையம் அச்சிக்கலைத் தீர்த்தது. அழுத்தம் கூடக் கூட வளையத்தின் விளிம்பு தண்டோடு இன்னும் இறுகப் படிந்தது. இத்தீர்வுக்குப் பிராமாவின் பட்டறையில் பணிபுரிந்த ஹென்றி மாட்ஸ்லே காரணர் என்பர். தோலுக்குப் பதில் செயற்கை ரப்பர் வந்துவிட்டது. அடைப்பு வளையத்தின் தத்துவமோ மாறவில்லை.

சொல் அறிவோம்

எக்கி – பம்பு
அடைப்பு வளையம் – சீல்
வட்ட அடைப்பு வளையம் – ஓ-ரிங்
ஒருவழி வால்வு – செக் வால்வு
அழுத்தத் தணிப்பு வால்வு – ரிலீஃப் வால்வு
அடுக்குப் பலகை – பாலெட்

பழுதும் பழுதின் மூலமும்

நல்ல மருத்துவர் நோயாளியைக் கண்டவுடன் கத்தியை எடுப்பதில்லை. நல்ல பொறிவினைஞரும் எக்கியைக் கண்டவுடன் திருகுசாவியை எடுப்பதில்லை. கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும் கையால் உணர்வதும் முதலில் நிகழ வேண்டும்.

கைப்பிடியை இயக்கியும் கவை உயரவில்லை எனில் காரணம் பலவாக இருக்கலாம். தொட்டியில் எண்ணெய் குறைந்திருக்கலாம். இறக்கு வால்வை இயக்கும் சங்கிலியோ தண்டோ சீர்குலைந்து, வால்வு முழுதும் மூடாமல் இருக்கலாம். உள்வழி வால்வின் இருக்கையில் மணல்துகள் சிக்கியிருக்கலாம். எக்கிக்குள் காற்று புகுந்திருக்கலாம். எண்ணெய் எளிதில் சுருங்காது; காற்றோ சுருங்கும். ஆதலால் காற்று புகுந்த எக்கியின் கைப்பிடி பஞ்சில் அழுத்துவதுபோல் மெத்தென்றிருக்கும். சுமையில்லாத நிலையில், நெம்பை இறக்கு நிலையில் வைத்துக் கைப்பிடியைப் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் இயக்கினால் அக்காற்று தொட்டிக்கு வெளியேறும். பல நேரங்களில் இந்தச் சிறு செயலே போதுமானது.

உயர்ந்த சுமை தானே மெல்லத் தாழ்கிறது எனில் வண்டியின் அடியில் பார்க்க வேண்டும். தரையிலும் தூக்குதண்டின் கழுத்திலும் எண்ணெய் இருந்தால் அடைப்பு வளையம் தேய்ந்துவிட்டது. வெளியே உலர்ந்திருந்தால் எண்ணெய் உள்ளேயே கசிந்து தொட்டிக்குத் திரும்புகிறது. வால்வுகளில் ஒன்று சரிவர மூடவில்லை. வெளியே ஈரம், உள்ளே கசிவு என்னும் இந்த ஒரு வேறுபாடே தேடலின் பாதியை முடித்துவிடும்.

குறைந்த சுமை எழுகிறது. நிறைந்த சுமை எழவில்லை. இந்நிலையில் சிலர் அழுத்தத் தணிப்பு வால்வின் திருகை இறுக்கிவிடுவர். இது பெரும்பிழை. சுமை அளவுக்கு மிஞ்சியதாக இருந்தால், வண்டி மறுப்பது அதன் குறை அன்று, அதன் அறிவு. அத்திருகை இறுக்குவது, எச்சரிக்கும் காவலரின் வாயை அடைப்பதற்கு ஒப்பாகும். சுமையின் எடையையும் வண்டியின்மேல் பொறிக்கப்பட்டுள்ள தாங்கு அளவையும் முதலில் ஒப்பிட வேண்டும்.

மோட்டார் எக்கிகளில் ஓசையும் நேரமும் குறிப்பறிவிக்கும். காலையில் குளிரில் இயக்கும்போது கூழாங்கற்கள் உருள்வதுபோல் ஒலி எழுந்து, சூடேறியபின் அடங்குமாயின், எக்கிக்குப் போதிய எண்ணெய் வந்துசேரவில்லை. காலையில் நன்றாகத் தூக்கி, நண்பகலில் தளர்ந்துபோகுமாயின், எக்கி உள்ளே தேய்ந்துள்ளது. சூட்டில் நீர்த்துப்போன எண்ணெய், தேய்வால் அகன்ற இடைவெளிகளின் வழியே பின்வாங்குகிறது.

குளிரும் உயரமும்

இவ்விடத்தில் பூண்டி போன்ற ஊர்களின் இயற்கையை எண்ணிப் பார்க்க வேண்டும். எக்கி எண்ணெயை இழுக்கிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் எக்கி தன்னுள் ஒரு வெற்றிடத்தை உண்டாக்குகிறது. தொட்டியின்மேல் அழுத்தும் வளிமண்டலமே எண்ணெயை அதற்குள் தள்ளுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2000 மீட்டர் உயரத்தில் வளிமண்டல அழுத்தம், கடற்கரையில் இருப்பதைப்போல் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. தள்ளும் விசை அங்கே குறைவு.

குளிரோ எண்ணெயைத் தடிக்கச் செய்கிறது. நீரியல் எண்ணெய்க் கலங்களின்மேல் 32, 46, 68 என எண்கள் காணப்படும். இவை 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அவ்வெண்ணெயின் பாகுநிலையைக் குறிப்பன. 32 எனக் குறிக்கப்பட்ட எண்ணெய் 10 டிகிரிக்குக் குளிரும்போது ஏறத்தாழ ஐந்து மடங்கு தடித்துவிடும். மார்கழி, தை மாதங்களில் மேல்மலை விடியலில் உறைபனி படர்வதுண்டு. தடித்த எண்ணெய், குறைந்த வளியழுத்தம், பாதி அடைத்த வடிகட்டி ஆகிய மூன்றும் கூடினால் எக்கியின் வாயில் வெற்றிடக் குமிழிகள் தோன்றுகின்றன. அவை உயரழுத்தப் பகுதியை அடைந்து நொறுங்கும்போது உலோகத்தின் மேற்பரப்பை நுண்ணிய குழிகளாக அரிக்கின்றன. மேலே கண்ட கூழாங்கல் ஒலி அக்குமிழிகள் நொறுங்கும் ஒலியே. எனவே அடிவாரத்து வெப்பத்திற்கு ஏற்ற எண்ணெய் மலைமேல் ஏற்றதாகாது. குளிர்பதனக் கிடங்குகளுக்கும் இது பொருந்தும். வண்டியின் கையேடு கூறும் எண்ணைத் தேர்ந்து, குளிர்காலையில் சுமையின்றிச் சிலமுறை மெல்ல இயக்கி, எண்ணெயைச் சூடேற்றிய பின்னரே பணியைத் தொடங்குதல் நன்று.

கண்ணுக்குத் தெரியாத பகை

எக்கிகளின் முதற்பகை அழுக்கு. மனிதத் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். நம் கண்ணால் காணக்கூடிய மிகச்சிறு துகள் ஏறத்தாழ 40 மைக்ரான். எக்கிக்குள் இருக்கும் இடைவெளிகளோ சில மைக்ரான்களே. ஆகவே தெளிவாகத் தோன்றும் எண்ணெய் தூயதாக இருக்க வேண்டும் என்பதில்லை. கேடு செய்யும் துகள்களை நாம் காண இயலாது.

கிழங்கும் பூண்டும் கையாளப்படும் இடத்தில் மண்ணுக்கும் உலர்ந்த பூண்டுத்தோலுக்கும் குறைவில்லை. தூக்குதண்டில் படிந்த மண், தண்டு இறங்கும்போது வளையத்தைத் தேய்க்கிறது. தேய்ந்த வளையம் மேலும் மண்ணை உள்ளே விடுகிறது. எண்ணெய் ஊற்றும் துளையைத் திறக்குமுன் அதன் சுற்றுப்புறத்தைத் துடைப்பதும், மூடியிட்ட தூய கலத்திலிருந்து ஊற்றுவதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். எக்கியின் ஆயுளைத் தீர்மானிப்பவை அவையே.

எண்ணெயின் நிறமும் மணமும் அதன் நலத்தைக் கூறும். பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. கருத்துக் கருகிய மணம் வீசினால் அது மிகையாகச் சூடேறியுள்ளது. நுரைத்திருந்தால் காற்று புகுகிறது. எண்ணெய்க்குப் பதிலாக வண்டியின் தடுப்பு நீர்மத்தை ஊற்றுவது தவறு. கிளைக்கால் வகையைச் சேர்ந்த அந்நீர்மம், நீரியல் எண்ணெய்க்கென அமைந்த ரப்பர் வளையங்களை உப்பச்செய்து கெடுத்துவிடும். எந்திரங்களிலிருந்து வடித்த பழைய எண்ணெயில் கரியும் உலோகத்தூளும் கலந்திருக்கும், அதுவும் ஆகாது.

பழுதுநீக்கும் நெறி

அடைப்பு வளையத்தை மாற்றுவது கைத்தூக்கு வண்டியில் மிகுதியாக நிகழும் பழுதுநீக்கம். சுமையை முற்றிலும் இறக்கி, கவையைத் தாழ்ந்த நிலைக்குக் கொணர்ந்து, அழுத்தத்தை நீக்குவதே முதற்படி. எண்ணெயை ஒரு கலத்தில் வடித்து, உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே தூய துணியின்மேல் பரப்ப வேண்டும். பழைய வளையத்தின் விளிம்பு எத்திசை நோக்கியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் வரும் திசையை நோக்கியே விளிம்பு அமையும். தலைகீழாகப் பொருத்தினால் புதிய வளையமும் கசியும்.

வளையத்தை மாற்றுவதோடு நின்றுவிடலாகாது. அது ஏன் தேய்ந்தது என்று வினவ வேண்டும். தூக்குதண்டின்மேல் விரல்நகத்தை ஓட்டினால் கீறல்களும் துருவும் தட்டுப்படும். கீறிய தண்டில் புதிய வளையம் நெடுநாள் நில்லாது. தண்டு வளைந்திருந்தால் சுமை ஒருபுறமாக ஏற்றப்பட்டு வந்துள்ளது. அப்போது மாற வேண்டியது வளையம் மட்டுமன்று, சுமையேற்றும் பழக்கமும்தான். புதிய வளையத்தில் தூய எண்ணெய் தடவி, கூர்முனைக் கருவி படாமல் பொருத்தி, குறித்த அளவு எண்ணெய் நிரப்பி, காற்றை வெளியேற்ற வேண்டும். முதலில் சுமையின்றியும், பின்னர் சிறு சுமையுடனும், இறுதியில் உரிய சுமையுடனும் சோதித்து, அது தாழாமல் நிற்பதை உறுதிசெய்த பின்னரே வண்டியைப் பணிக்கு விட வேண்டும். செய்த பணியை நாளுடன் பதிவேட்டில் எழுதுதல் அடுத்து வருபவருக்குச் செய்யும் உதவியாகும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பளுதூக்கும் பொறிகளைத் தகுதியுடையவர் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறையேனும் முழுமையாகச் சோதிக்க வேண்டும், அதற்குப் பதிவேடு பேண வேண்டும், குறிக்கப்பட்ட பாதுகாப்பான சுமையை மீறலாகாது என்று விதித்தது. ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் சோதனை, அன்றாடம் காலையில் ஒரு நிமிடம் குனிந்து பார்ப்பதற்கு ஈடாகாது. இரண்டும் வேண்டும்.

உயிர்க்காப்பு

இனி வருவனவற்றை எக்காலத்தும் மறத்தலாகாது. உயர்த்திய சுமையின் கீழ் எவரும் நிற்கவோ கை நீட்டவோ கூடாது. எக்கி தாங்கும் என்று நம்பி உயர்ந்த கவையின் அடியில் பணிசெய்யக் கூடாது. உறுதியான முட்டுக்கொடுத்த பின்னரே அணுக வேண்டும். மோட்டார் வண்டியில் மின்கல இணைப்பைத் துண்டித்த பின்னரே எக்கியைத் தொட வேண்டும்.

உயரழுத்தக் குழாயில் ஊசிமுனை அளவு துளை இருந்தால், அதன்வழிப் பீறிடும் எண்ணெய் கண்ணுக்குப் புலப்படாமலும் இருக்கலாம். கசிவைக் கையால் தடவித் தேடுவோரின் தோலை அது துளைத்து உட்புகும். வெளியே முள் குத்தியதுபோன்ற ஒரு புள்ளியே தெரியும். வலியும் முதலில் மிகுதியாக இராது. உள்ளேயோ தசை அழியத் தொடங்கியிருக்கும். ஒரு புள்ளிதானே என்று வீட்டுக்குச் சென்றவர் விரலையோ கையையோ இழக்க நேரிடும். கசிவை அட்டைத்துண்டால் தேட வேண்டும். எண்ணெய் தோலுள் புகுந்ததாக ஐயம் எழுந்தாலே, காலம் தாழ்த்தாமல் அறுவை மருத்துவ வசதியுள்ள மருத்துவமனைக்குச் சென்று நிகழ்ந்ததைக் கூற வேண்டும்.

சுமையும் மாந்தரும்

அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களின் பொருத்துநர் பாடத்திட்டத்தில் நீரியல் அமைப்புகளும் இடம்பெறுகின்றன. மேல்நிலைக் கல்வி முடிக்கும் மாணவர் பலருக்கு இது வாழ்வளிக்கும் தொழிலாக அமையலாம். அத்தொழிலை ஏற்போர் தாம் இரும்பைப் பழுதுநீக்குவதாக மட்டும் எண்ணலாகாது. எக்கி நின்றுபோன நாளில் சரக்கு காத்திருப்பதில்லை. சுமை மீண்டும் மனிதரின் முதுகுக்கே திரும்புகிறது. கசியும் ஒரு வளையத்தை ஒருவர் புறக்கணித்தால், அவ்வெடையை மற்றொருவர் சுமக்கிறார்; அல்லது அது மற்றொருவர் காலின்மேல் விழுகிறது.

மலைச்சரிவில் மாதக்கணக்காகப் பாடுபட்டு விளைவித்த பூண்டு, சிந்தாமல் சிதறாமல் கிடங்கேறுவதற்கும், அதனை ஏற்றியவர் மாலையில் நிமிர்ந்த முதுகுடன் இல்லம் திரும்புவதற்கும், சிறிதளவு தூய எண்ணெயும் அதனைப் பேணும் கவனமும் துணைநிற்கின்றன. கருவியைக் காப்பவர் அதனைக் கையாளும் மனிதரையே காக்கிறார்.